பந்தயம் விட்ட குதிரை



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையில் அதிகாலைப் பேருந்தில் வருவோர் சிலர் ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். சாலையை ஒட்டிய கரிசல் தடத்தில், செந்நிறக் குதிரையொன்றின்மேல் முதியவர் ஒருவர் அமர்ந்து, மாட்டுவண்டியும் முந்திவிடத்தக்க வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். கண்டோர் நகைப்பதுண்டு. “குதிரை வைத்திருப்பவர் ஓட்டாமல் உருட்டிக்கொண்டு போகிறாரே!” என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஆம், அம்முதியவன் நான்தான். அந்தக் குதிரை முன்பு பந்தயத்தில் ஓடியது. இன்று ஓடுவதில்லை. ஓட்டம் நின்றபின் ஒரு குதிரை என்ன ஆகிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நன்றாகப் பேணப்படும் குதிரை இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டு வரை உயிர்வாழும். பந்தயக் குதிரையை இரண்டு மூன்று வயதிலேயே ஓடப் பழக்குகின்றனர். எட்டு அல்லது பத்து வயதுக்குள் பெரும்பாலானவற்றின் ஓட்டம் முடிந்துவிடுகிறது. கழித்துப் பாருங்கள். வாழ்நாளின் பெரும்பகுதி பந்தயத்திற்குப் பிறகே வருகிறது. மனிதனுக்கு ஓய்வூதியம் உண்டு, எனக்கும் உண்டு. குதிரைக்கு அதை வழங்க வேண்டியவர் யார்? பரிசுக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வரும் நாளில் இக்கேள்வி எவருக்கும் தோன்றுவதில்லை.

எனக்கும் நெடுங்காலம் தோன்றவில்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால், என் இளமைக்குச் செல்ல வேண்டும். என் தந்தையார் அருப்புக்கோட்டையில் குதிரை வண்டி ஓட்டினார். கடைவீதியிலிருந்து நூல் மூட்டைகளும், மருத்துவமனைக்குச் செல்லும் தாய்மாரும், திருமண வீட்டுச் சீர்வரிசைகளும் அவ்வண்டியில் சென்றன. இரவில் கொள்ளை ஊறவைப்பது என் வேலை. வெள்ளைக் குதிரை, வலக்காதில் ஒரு சிறு பிளவு இருக்கும். பேருந்துகள் பெருகின, வாடகைக் கார்களும் வந்தன. வண்டிக்கு வாடகை குறைந்தது. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டில் ஒரு நாள் மாலை, வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து, குதிரையின் கழுத்தில் வேறொரு கயிற்றைக் கட்டி அழைத்துச் சென்றார். தந்தையார் வெறும் வண்டியின் ஏர்க்காலில் அமர்ந்திருந்தார். அந்தப் பணத்தில் எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை இரண்டு தைத்தார்கள். குதிரை எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. சட்டை புதியதாக இருந்தது. அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. நான் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஒருநாள் வீடு தேடி வந்தார். நம் தென்மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களையொட்டி மாட்டுவண்டிப் பந்தயமும், சில ஊர்களில் குதிரை வண்டிப் பந்தயமும் நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். இலேசான இருசக்கர வண்டி, ஒரு குதிரை, ஒரு சாரதி. குறித்த எல்கை வரை சாலையில் ஓடி, அங்கே திரும்பிப் புறப்பட்ட இடத்திற்கே வந்துசேர வேண்டும். அம்மாணவர் அப்பந்தயங்களில் ஈடுபாடுடையவர். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையில் ஒரு பெண்குதிரையை வாங்கி வந்திருந்தார். கத்தியவார் இனத்தின் கலப்பு உடையது. அவ்வினத்துக்கு அடையாளமான வளைந்த காதுகள். நிமிர்த்தினால் நுனிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதுபோல் வரும். நான்கு ஆண்டுகள் ஓடிப் பல கொடிகளை வாங்கித் தந்தது. பிறகு முன்காலின் தசைநாண் வீங்கியது. குதிரை நொண்டியது.

“ஐயா, கட்டி வைத்துத் தீனி போட என்னால் ஆகாது. வியாபாரி கேட்கிறார். கொடுத்துவிடட்டுமா?” என்றார்.

“எங்கே கொண்டுபோவார்?” என்று கேட்டேன்.

“அதை யாரும் கேட்பதில்லை, ஐயா” என்றார்.

அவர் என்னைக் குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் எனக்குள் இருந்த வெள்ளைக் குதிரையின் கயிற்றைப் பிடித்து இழுத்தது. மறு வாரம் செவலை என் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்துசேர்ந்தது. பல்லைப் பார்த்தவர்கள் ஒன்பது வயது இருக்கும் என்று மதித்தார்கள். என் மனைவியார் என்ன சொன்னார் என்பதை வானொலியில் சொல்வதற்கில்லை.

குதிரையைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்நினைப்பே முதல் பிழை. வண்டி இழுத்து நாள்தோறும் உழைத்த குதிரைக்குத் தந்தையார் கொடுத்த அளவு கொள்ளை, கால் நோயால் நின்றுகொண்டிருந்த குதிரைக்கும் கொடுத்தேன். குதிரையின் இரைப்பை அதன் உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இயற்கையில் அது பகலும் இரவுமாகச் சிறிது சிறிதாகப் புல் மேய்ந்துகொண்டே இருக்கும் விலங்கு. தானியத்தை ஒரேயடியாகக் கொட்டினால் தாங்காது. உண்டது ஒவ்வாதபோது நாயும் பூனையும் கக்கிவிடும். குதிரையால் கக்க இயலாது. உள்ளே சென்றது மறுபுறமாகத்தான் வெளிவர வேண்டும். வழி அடைபட்டால் உயிருக்கே ஆபத்து.

கொள்ளினால் வந்த வயிற்று மந்தத்தை அறிந்து திருத்திக்கொண்டேன். அடுத்த பிழை நம் மண்ணிலிருந்தே வந்தது. கோடைக்காலம். புல் கருகிவிட்டது. நிழலுக்காகச் செவலையைச் சீமைக்கருவேல மரங்களின் அடியில் கட்டினேன். அம்மரத்தின் மஞ்சள் நெற்றுகள் இனிப்பானவை. ஆடுகள் அவற்றை விரும்பித் தின்பதை இப்பகுதிப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆட்டுக்கு ஆவது குதிரைக்கும் ஆகும் என்று எண்ணினேன். உதிர்ந்து கிடந்த நெற்றுகளைச் செவலை வயிறு நிரம்பத் தின்றது. அன்று மாலை சோளத்தட்டையை முகர்ந்தும் பார்க்கவில்லை. முன்காலால் தரையைக் கீறியது. தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு படுத்துப் புரண்டது. குடலில் நெற்றுகள் கட்டியாய் இறுகி அடைத்துக்கொண்டிருந்தன.

அரசு கால்நடை மருத்துவர் இரவு பத்து மணிக்கு வந்தார். மூக்கு வழியாக நீண்ட குழாயை இரைப்பைக்குள் செலுத்தி எண்ணெய் ஊற்றினார். வலிக்கு ஊசி போட்டார். “புரள விடாதீர்கள், மெல்ல நடத்துங்கள்” என்றார். நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் மாறி மாறிக் கயிற்றைப் பிடித்து நடந்தோம். கோழி கூவும் நேரத்தில் செவலை நின்றது; வாலைத் தூக்கியது; இலத்தி விழுந்தது. பள்ளியில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று முடிவு வந்த நாளிலும் நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

இவ்விடத்தில் ஒரு பழஞ்செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசு நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, இந்நாட்டுக்குக் கடல்வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வருவதையும், அரசர் அவற்றுக்குப் பெரும்பொன் கொடுப்பதையும் எழுதியிருக்கிறார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தையும் அவர் குறிப்பிடுகிறார். அவர் எழுதியதில் நாம் நாணத்தக்க பகுதி ஒன்றுண்டு. ஆண்டு முடிவதற்குள் அக்குதிரைகளுள் பெரும்பாலானவை மாண்டுபோகின்றனவாம். காரணம், இந்நாட்டார்க்குக் குதிரை பேணத் தெரியவில்லை. வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் அவற்றுக்கு ஊட்டுகின்றனர் என்கிறார். அயலார் சொன்னதில் மிகை இருக்கலாம். ஆனால், கருவேல நெற்றால் ஒரு குதிரையைக் கொல்லத் தெரிந்த என்னால் அவர்மேல் சினம் கொள்ள முடியவில்லை. மாணிக்கவாசகர் வரலாற்றில் குதிரை வாங்கச் சென்ற பணத்தைப் பற்றியும், நரி பரியான வியப்பைப் பற்றியும் நாம் கேட்டிருக்கிறோம். லாயத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டியவன் பெயரை எக்கதையும் சொல்லவில்லை.

தண்ணீர் என்றவுடன் நினைவுக்கு வருகிறது. குதிரை ஒன்றுக்கு நாள்தோறும் இருபத்தைந்து முதல் நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். நம் கோடையில் அதற்கு மேலும் குடிக்கும். குண்டாறு வறண்டு மணலாய்க் கிடக்கும் மாதங்களில் குடத்தை எண்ணும் வீட்டார்க்கு இது சிறிய செலவன்று. காய்ந்த தட்டையைத் தின்னும் குதிரைக்குத் தண்ணீர் குறைந்தால், முன்னர்ச் சொன்ன அடைப்பு மீண்டும் வரும். இளஞ்சோளப் பயிரில் நஞ்சுண்டு என்பது மாடு வளர்க்கும் உழவர் அனைவரும் அறிந்ததே. குதிரைக்கும் அது நஞ்சுதான்.

இனி, சவாரிக்கு வருவோம். தசைநாண் எலும்பைப்போல் விரைவில் கூடுவதன்று. மாதக்கணக்கில் காலம் கேட்கும். ஓராண்டு செவலையின்மேல் எவரும் ஏறவில்லை. காலையும் மாலையும் கயிற்றைப் பிடித்து நடத்தினேன். அப்போதுதான் ஓர் உண்மையைக் கண்டேன். செவலைக்கு நடக்கவே தெரியவில்லை! கண்பட்டை கட்டி, பின்னாலிருந்து வரும் குரலுக்கு ஓட மட்டுமே அது பழகியிருந்தது. கண்பட்டையை நீக்கியபோது, பக்கவாட்டில் உலகம் ஒன்று இருப்பதைக் கண்டு மிரண்டது. ஒரு வெள்ளாட்டைக் கண்டு அது நடுங்கியதை நான் மறக்கமாட்டேன்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சில விதிகளைக் கற்பித்தார்கள். ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க; எளிமையிலிருந்து அருமைக்குச் செல்க’ என்பன அவற்றுள் இரண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் அவற்றை மாணவர்முன் பயன்படுத்தினேன். ஓய்வுக்குப் பின் குதிரைமுன் பயன்படுத்தினேன். செவலைக்குத் தெரிந்தது பின்னாலிருந்து வரும் குரல். ஆகவே, நீண்ட வாரைப் பிடித்து வண்டிக்காரனைப்போல் பின்னால் நடந்தேன். சில வாரங்களில் தோளுக்கு நேராக வந்தேன். பிறகு முதுகில் சாக்கு. பிறகு வெறும் சேணம். பிறகு சேணத்தின்மேல் மணல் மூட்டை. அதன்பின்னரே மனிதன். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நன்று என்பர். செவலை ஏறத்தாழ முந்நூறு கிலோ. நான் ஐம்பத்திரண்டு. வறட்சி நாட்டு வாத்தியாராய்ப் பிறந்ததில் இப்படியும் ஒரு நன்மை இருந்தது.

இத்தகைய மறுபயிற்சியை அமெரிக்க, கனடா நாட்டினர் பெருமளவில் செய்கின்றனர். அங்கே ‘ஸ்டாண்டர்ட்பிரெட்’ என்றொரு குதிரை இனம் உண்டு. நம் பந்தய வண்டியைப் போன்ற இலேசான இருசக்கர வண்டியை இழுத்து ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்டது. 1879-ஆம் ஆண்டில் ஒரு மைல் தூரத்தை இரண்டரை நிமிடத்தில் கடப்பதை ஓர் அளவுகோலாக வகுத்து, அதனை எட்டிய குதிரைகளையே அவ்வினத்தில் சேர்த்தனர். அளவுகோல் என்ற பொருளிலேயே பெயரும் அமைந்தது. அவ்வினத்தவற்றுள் பெரும்பாலானவற்றின் மூதாதை 1849-இல் பிறந்த ஹாம்பிள்டோனியன் என்ற குதிரை. இப்பந்தயத்தில் ஒரு விந்தை உண்டு. நாலுகாற் பாய்ச்சலில் ஓடக் கூடாது. இரு கால்களை இணையாக எடுத்து வைக்கும் விரைநடையிலேயே ஓட வேண்டும்; குதிரை பாய்ச்சலுக்கு மாறினால் சாரதி அதனை இழுத்து நிறுத்தி, இழந்த தூரத்தை இழந்ததாகவே விட வேண்டும். வாழ்நாளெல்லாம் ‘பாயாதே’ என்று கற்பிக்கப்பட்ட அக்குதிரைகள், ஓய்வு பெற்றபின் சவாரிக்கு வரும்போது, ‘இனிப் பாயலாம்’ என்பதைத்தான் முதலில் கற்க வேண்டியிருக்கின்றனவாம். என் செவலைக்கோ நேர்மாறான பாடம். இயந்திர வண்டிகளை ஏற்காத அமீஷ் என்னும் சமயப் பிரிவினர், பந்தயம் விட்ட அத்தகைய குதிரைகளை வாங்கித் தங்கள் வீட்டு வண்டிகளில் பூட்டுகின்றனர். அங்கே ஒரு வகையில் ஜட்கா இன்னும் வாழ்கிறது.

எல்லாம் நன்றாய் நடந்தது என்று சொன்னால் உண்மையாகாது. அருப்புக்கோட்டை நெசவாளர் ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் காலை, பாவு நீட்டியிருந்த தெருவின் ஓரமாகச் செவலைமேல் சென்றேன். வாசலில் நின்ற அம்மையார் ஒருவர் துவைத்த வேட்டியை ஒருமுறை உதறினார். அவ்வளவுதான். பந்தயம் தொடங்குவதற்குக் கொடி அசைப்பார்களன்றோ? செவலைக்கு அது கொடி. புறப்பட்ட வேகத்தில், தெருமுனை தாண்டிக் கண்மாய்க்கரை ஏறும்போது நான் கீழே விழுந்தேன். காறை எலும்பு முறிந்தது. விழுந்து கிடந்தவாறே பார்த்தேன். செவலை ஆளில்லாமல் ஓடிற்று. தொலைவில் ஒரு புளியமரத்தடியில், எல்கை கண்டதுபோல் தானே வட்டமிட்டுத் திரும்பிற்று. வந்த வழியே முழு வேகத்தில் என்னைக் கடந்து, புறப்பட்ட வாசலில் போய் நின்றது. அங்கே மூச்சிரைக்கப் பரிசுக்குக் காத்து நின்றதாக அந்த அம்மையார் பின்னர்ச் சொன்னார்.

கைத்தொட்டிலோடு இருந்த நாள்களில், “விற்றுவிடுங்கள்” என்று சொல்லாத உறவினர் இல்லை. ஒரு நாள் எனக்கும் அவ்வெண்ணம் வந்தது, மறைப்பானேன்? அந்தியில் கொட்டகைக்குச் சென்றேன். செவலை என் சட்டைப்பையை முகர்ந்தது. மாணவன் ஒரு பாடத்தைப் பிழையாகச் செய்யவில்லை; கற்பித்ததை அப்படியே செய்தான். நான் அவனை எதற்காகத் தண்டிப்பது? மறுநாள் முதல் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துக்கொண்டேன். செவலை தட்டை தின்னும்போது இருபது அடி தள்ளி நின்று மெல்ல அசைத்தேன். தலை தூக்கினால் நிறுத்தினேன். தின்னத் தொடங்கினால் மீண்டும் அசைத்தேன். நாளுக்கு அரையடி வீதம் நெருங்கினேன். மூன்று மாதமாயிற்று. கற்பிப்பதைவிடக் கற்றதை மறக்கச் செய்வதற்கு மும்மடங்கு பொறுமை வேண்டும்.

“இவ்வளவு பாடுபட்டு இதனால் என்ன பயன்?” என்று கேட்போர் உண்டு. உழாது, பால் கறக்காது. அவர்களிடம் நான் வாதிடுவதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுவேன். நம் கரிசல் காட்டில் நல்லபாம்போ, கட்டுவிரியனோ, கண்ணாடி விரியனோ, சுருட்டை விரியனோ தீண்டியவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால், அங்கே ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்து குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. சிறிது சிறிதாக நஞ்சை ஏற்று, அதை எதிர்க்கும் ஆற்றலைக் குதிரை தன் குருதியில் உண்டாக்குகிறது. இந்த வட்டாரத்தில் அக்கடனைப் படாத ஊர் ஏதேனும் இருக்குமா?

இன்று கைப்பேசியில் காணொலிகளைக் கண்டு குதிரை வாங்க விரும்பும் இளைஞர் பலர் என்னிடம் வருகின்றனர். பந்தயம் விட்ட குதிரை மலிவாகக் கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மலிவு என்பது வாங்கும் நாளின் விலை மட்டுமே. ஆறு அல்லது எட்டு வாரத்திற்கொருமுறை குளம்பைச் செதுக்க வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் எங்கும் உண்டு, குதிரைக் குளம்பை அறிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இசிவு நோய் குதிரையை மிக எளிதில் பற்றும். முள் தைக்கும் நாட்டில் அதற்கான தடுப்பூசி தவறக் கூடாது. என் ஓய்வூதியத்தில் ஆறில் ஒரு பங்கு செவலைக்குப் போகிறது. பத்து வயதுக் குதிரையை வாங்கும் இருபது வயது இளைஞர், தம் முப்பத்தைந்தாம் வயதிலும் அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருக்கும். இடையில் வேலை வரும், திருமணம் வரும், சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போக நேரும். விலங்கைப் பசிக்கும் தாகத்திற்கும் உள்ளாகுமாறு கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எனினும், சட்டம் வந்து தட்டையை அள்ளிப் போடாது. ஆகவே, வருபவர்களுள் பெரும்பாலோரை நான் வேண்டாம் என்றே சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். ஓராண்டு வந்து செவலைக்குச் சாணம் அள்ளிய இருவரை மட்டும் ‘வாங்குக’ என்றேன்.

2024-ஆம் ஆண்டில் உதகமண்டலத்துப் பந்தய நிலத்தை அரசு மீட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை கிண்டிப் பந்தய நிலத்தின் குத்தகையையும் இரத்துச் செய்தது. நிலத்தின் பரப்பும் மதிப்பும் நாளிதழ்களில் விரிவாக வந்தன. பந்தயம் நல்லதா தீயதா என்ற வழக்குக்குள் நான் புகவில்லை. ஆயின், அச்செய்திகளைப் படிக்குந்தோறும் என் கண் தேடியது ஒன்றே: குதிரைகள் எங்கே போகும்? ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து, மாலையிட்டு, மேளதாளத்தோடு புரவியெடுப்பு நடத்தும் மக்கள் நாம். மண்குதிரைக்குத் தீனி வேண்டுவதில்லை.

செவலைக்கு இப்போது பதினான்கு வயது. நெற்றியில் வெள்ளை மயிர் சில தோன்றியுள்ளன. சென்ற வாரம் அதே பாவுத் தெரு வழியாகச் சென்றோம். அந்த அம்மையார் வாசலில், ஈர வேட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“வாத்தியாரய்யா, உதறலாமா?” என்றார்.

“உதறுங்கள், அம்மா” என்றேன். என் கை மட்டும் சேணத்தின் முன்பகுதியை இறுகப் பற்றிக்கொண்டது. அவர் உதறினார். செவலை ஒரு காதை மட்டும் அப்பக்கம் திருப்பிற்று. பிறகு, பாவின் ஓரமாக மெல்ல நடந்தது.